அவருக்குப் பதிலா நான்: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பாகூர் பள்ளியில் கணக்கு டீச்சர் லீவு. அறிவியல் டீச்சருக்கு சப்ஸ்டிட்யூஷன் பீரியட். வில்லியனூரிலிருந்து திருபுவனை கம்பெனிக்குப் போனவருக்கு ரிலீவர் வரவில்லை. அடுத்த ஷிப்டையும் அவரே பார்க்கிறார். இதையே இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் சொல்ல நான்கு தொடர்கள் இருக்கின்றன. வராதவர் திரும்பி வருவாரா, நாம் பார்த்தது என்ன வேலை என்று கேட்டுக்கொண்டால் எது பொருந்தும் என்பது தெரிந்துவிடும்.

ஃபில் இன் ஃபார்
ஒரு பீரியடோ ஒரு மாதமோ, ஆள் திரும்பி வருவார் என்றால் இது போதும். "ஐ ஃபில்டு இன் ஃபார் த மேத்ஸ் டீச்சர்." 'டீச்சருக்குப் பதிலா' என்பதில் 'க்கு' செய்யும் வேலையை இங்கே 'ஃபார்' செய்கிறது. அதை விடக் கூடாது, விட்டால் பொருள் மாறிவிடும். 'ஃபில் இன் த ஃபார்ம்' என்றால் படிவத்தை நிரப்பு. 'ஃபில் மீ இன்' என்றால் நடந்ததை எனக்குச் சொல்.

ஸ்டாண்ட் இன் ஃபார்
இதற்கு மேடையும் பதவியும்தான் இடம். கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர் வர முடியாத விழாவில் அவர் சார்பில் இன்னொரு அதிகாரி பரிசு கொடுத்தால், 'ஹி ஸ்டுட் இன் ஃபார் த கமிஷனர்'. பீரியட் பார்த்ததற்குச் சொன்னாலும் தவறில்லை. கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

கவர் ஃபார்
ஷிப்ட், டூட்டி பேச்சில் அதிகம் புழங்குவது. ஆனால் ஒருவர் தப்பை மறைத்துக் காப்பாற்றுவதற்கும் இதே தொடர்தான். 'ஐ கவர்டு ஃபார் மை ஃப்ரெண்ட்' என்று மொட்டையாகச் சொன்னால் மேலதிகாரி வேறு மாதிரி எடுத்துக்கொள்ளலாம். 'ஐ கவர்டு ஹிஸ் ஷிப்ட்' என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

டேக் ஓவர் ஃப்ரம்
பொறுப்பே கைமாறும்போது இது. நம் புதுச்சேரித் துணைநிலை ஆளுநர் பதவியையே பாருங்கள். 2021 பிப்ரவரியில் கிரண் பேடி நீக்கப்பட்டதும், தெலங்கானா ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் புதுச்சேரியைக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தார். 2024 மார்ச்சில் அவர் விலக, அந்தப் பொறுப்பு ஜார்க்கண்ட் ஆளுநர் சி.பி. ராதாகிருஷ்ணனுக்கு வந்தது. ஆகஸ்டில் கைலாஷ்நாதன் முழுநேரத் துணைநிலை ஆளுநர் ஆனார். பேடி திரும்பி வரப்போவதில்லை. அதனால் தமிழிசை அவருக்கு 'ஃபில்டு இன்' என்பது பொருந்தாது. தமிழிசைக்கும் ராதாகிருஷ்ணனுக்கும் 'ஹெல்டு அடிஷனல் சார்ஜ்', கைலாஷ்நாதனுக்கு 'டுக் ஓவர்'. ஷிப்ட் மாறும்போது முந்தைய ஆளிடமிருந்து மெஷினை வாங்கிக்கொள்வதும் 'டேக் ஓவர்'தான்.

எதை எடுப்பது?
பேச்சில் குழப்பம் வந்தால் 'ஃபில் இன் ஃபார்' என்று சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் தப்பாகாது. சொந்த வேலையோடு இன்னொரு பதவியையும் பார்த்திருந்தால் பயோடேட்டாவில் 'அடிஷனல் சார்ஜ்' என்று எழுதி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பதையும் சேருங்கள். இந்திய அலுவலகங்களுக்குப் பழகிய சொல் அதுதான்.