சாவி யார் கையில்?

நாம் பத்தாம் வகுப்பிற்கு வந்துவிட்டோம். தனி வகுப்பு, இசை வகுப்பு, கடைவீதி என எங்கு செல்வதானாலும் வீட்டில் நிற்கும் ஸ்கூட்டர் நம்மை அழைக்கிறது. "தெருமுனை வரைதானே!" என்று அப்பாவிடம் சாவியைக் கேட்கிறோம். கேட்குமுன் சட்டம் சொல்வதை நாம் அறிய வேண்டாமா?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 4ஆம் பிரிவின்படி, 18 வயது நிறையாத எவரும் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக்கூடாது. இதற்கு விலக்கு ஒன்று உண்டு. 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வண்டியை, 16 வயது நிறைந்தோர் உரிமம் பெற்று ஓட்டலாம். அதற்கும் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். நம் வீட்டு ஸ்கூட்டர்களோ பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை. நமக்கோ 15 வயதுதான்! தெருமுனையும் பொது இடமே.

"நாம் சிறுமியர்தாமே, கண்டித்து அனுப்பிவிடுவார்கள்" என்று எண்ணலாம். ஆனால் 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள 199ஏ பிரிவு, சாவி கொடுத்தவரைப் பார்க்கிறது. சிறார் செய்த குற்றத்திற்குப் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். அவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய சிறாருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முயன்றோம் என்றோ மெய்ப்பிக்கும் பொறுப்பும் பெற்றோருடையதே. சிறாரின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்திற்குச் செல்லும்.

இது கடுமையான சட்டமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 10 மீட்டர் கடக்கும். குறுக்கே ஓடிவரும் குழந்தையைக் கண்டு திகைக்கும் அந்த ஒரு விநாடியில், பிரேக் பிடிக்குமுன்பே 10 மீட்டர் போய்விடுகிறது. பழகாத கைகளுக்கு அது போதுமா? உரிமமின்றி ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் தான் கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமே திரும்பக் கேட்கவும் வழியுண்டு. அப்பாவின் பல்லாண்டுச் சேமிப்பு நம் ஐந்து நிமிட ஆசையில் கரைந்துவிடும்.

ஆகவே தோழியரே, இன்னும் 3 ஆண்டுகள் பொறுப்போம். சைக்கிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. அதிலேயே சாலை விதிகளைப் பழகுவோம். 18 வயதில் முறையாகக் கற்று, உரிமம் பெற்று, தலைக்கவசம் அணிந்து ஓட்டுவோம்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: நாங்கள் எவ்வளவு பிடிவாதம் செய்தாலும் அதுவரை சாவியைத் தராதீர்கள்!