ஈறுக்குள்ள ஒரு நீர்த்தேக்கம்

தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கத்தை 2020-ல திறந்தாங்க. கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. நம்ம ஈறும் தண்ணியைத் தேக்குது. அதுக்கு உதவுறது புரோட்டியோகிளைக்கான்.

இதைத் தயாரிக்கிறது ஈறுல இருக்கிற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். முதல்ல மையப் புரதம். அப்புறம் கோல்கியில அதுமேல சர்க்கரைச் சங்கிலிகள் சேரும். சங்கிலியோட நெகட்டிவ் சார்ஜ் சோடியத்தை இழுக்கும், கூடவே தண்ணியும் வரும். மெல்லும்போது ஈறு அழுத்தம் தாங்க இது உதவுது.

மதகு எது? டிஜிஎஃப்-பீட்டாங்கற சிக்னல் புரதம் உற்பத்தியைத் தூண்டும். டெகோரின்ங்கற புரோட்டியோகிளைக்கானே அதைப் பிடிச்சு அடக்கும். நாம படிச்ச அதே ஃபீட்பேக் லூப்!

வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுற சிலருக்கு, சேர்றது கூடி கரையறது குறைஞ்சு, ஈறு பல்லையே மூடும். என் மாமா அதுக்காக மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். நீங்களா நிறுத்தாதீங்க, வலிப்பு திரும்ப வரலாம். பல்லைச் சுத்தமா வெச்சு, டாக்டர்கிட்ட கேளுங்க.