ஒரு மலைக் கிராமமும் நமது ஏரிகளும்

பண்டசோழநல்லூரிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் வயல் அவரவருக்குச் சொந்தம். ஏரியும் வாய்க்காலும் ஊருக்குச் சொந்தம். தன் வரப்பு உடைந்தால் விவசாயி அன்றே மண்வெட்டி எடுப்பான். ஏரிக்கரை உடையும் நிலையிலிருந்தால் அடுத்தவன் பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிடுதல் மனித சுபாவம். இந்தச் சுபாவத்தை விதியினால் வென்ற ஒரு சிறு கிராமத்தின் சரித்திரம், கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் யாவரும் அறியத் தக்கது.

ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் வாலே மாகாணத்தில் டோர்பெல் என்னும் கிராமம் உள்ளது. ஆல்ப்ஸ் மலைச்சரிவில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது. அங்கே பனிக்காலம் நீண்டது, மழை குறைவு. ஆகையால் மலையோடை நீரை வாய்க்கால் வழியே கொணர்ந்து நிலங்களுக்குப் பாய்ச்சுவது அவ்வூராரின் பழைய வழக்கம். தானியம் விளையும் நிலம், காய்கறித் தோட்டம், உலர்புல் அறுக்கும் நிலம் ஆகியவை குடும்பங்களுக்குத் தனித்தனியே உரியவை. கோடையில் பசுக்கள் மேயும் உயர்ந்த மலைப்புல்வெளி, காடு, தரிசு, பாசன வாய்க்கால் ஆகியவை ஊர்ப்பொது.

1483-ஆம் ஆண்டில் ஊரார் ஒன்றுகூடி, பொதுநிலத்தை நிர்வகிப்பதற்கு உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டனர். வெளியார் ஒருவர் அவ்வூரில் நிலம் வாங்கினாலும், பொதுப் புல்வெளியிலோ காட்டிலோ அவருக்கு உரிமை உண்டாகாது என்று அதில் விதித்தனர். இவ்விதி கடுமையானதே. எனினும், பொதுச் சொத்தை அனுபவிக்க உரியவர் யாவர் என்பது அன்றே ஐயமறத் தெளிவாயிற்று.

1517-ஆம் ஆண்டு ஏற்பட்ட விதி இன்னும் கவனிக்கத் தக்கது. பனிக்காலம் முழுவதும் தன் தொழுவத்தில் தீனியிட்டுக் காப்பாற்றக்கூடிய பசுக்களுக்கு மேல் ஒன்றேனும் எவரும் மலைக்கு ஓட்டலாகாது; மீறினால் அபராதம். இதன் நுட்பத்தைச் சற்றே ஆராய்வோம். ஒருவனுடைய நிலத்தில் மூன்று பசுக்களுக்குப் போதிய உலர்புல் விளையுமாயின், கோடையிலும் அவனுக்கு மூன்று பசுக்களே. ஆசையினால் பத்துப் பசுக்களை வாங்கிப் பொதுப் புல்லை மேய்த்துத் தீர்க்க வழியில்லை. அளவும் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. மலைக்குப் புறப்படும்போதே பசுக்கள் எண்ணப்பட்டுவிடும். அந்த எண்ணிக்கைப்படியே பாலாடைக்கட்டியில் பங்கு. அதன்படியே பாதை செப்பனிடுதல், குடிசை பழுதுபார்த்தல் முதலிய பொதுவேலையிலும் பங்கு. மிகுதியாக அனுபவிப்பவன் மிகுதியாக உழைக்கக் கடமைப்பட்டான்.

காட்டு மரத்துக்கும் இவ்வாறே ஒழுங்குண்டு. வெட்டத் தக்க மரங்களுக்கு முதலில் அடையாளமிடுவர். வெட்டிய விறகைச் சம அளவான குவியல்களாகப் பிரித்து, எந்தக் குவியல் எவருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு நிர்ணயிப்பர். ஆகவே பாரபட்சம் என்னும் முறையீட்டுக்கு இடமில்லை.

இக்கிராமத்தின் வாழ்க்கையை ராபர்ட் நெட்டிங் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் ஆராய்ந்து 1981-இல் நூலாக வெளியிட்டார். அதனை ஒரு முக்கிய உதாரணமாகக் கொண்டு, பொதுச் சொத்தை அனுபவிப்போரே கூடி விதி வகுத்து நெடுங்காலம் காக்க முடியும் என்று எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் 1990-இல் தம் நூலில் விளக்கினார். 2009-ஆம் ஆண்டில் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வகை ஒழுங்கு நம் நாட்டுக்குப் புதிதன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள், ஏரியைக் காக்க ஏரி வாரியம் இருந்ததையும், வாரியத்தாரைக் குடவோலை முறையில் சீட்டெடுத்துத் தேர்ந்ததையும், கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியம் ஏற்கத் தகாதவர் என்பதையும் தெரிவிக்கின்றன. அச்சபையில் எல்லாக் குலத்தாருக்கும் இடமிருக்கவில்லை. அக்குறையை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. கணக்கும் முறையும் பின்பற்றத் தக்கவை.

நம் பக்கத்துப் பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் நீர் கொணர்கிறது. ஏரியில் தங்கும் நீர் கரைக்குக் கீழுள்ள வயல்களை நனைப்பதோடு, மண்ணுள் இறங்கிக் கிணறுகளிலும் ஊறுகிறது. ஆழ்குழாய்க் கிணறு வந்தபின், ஏரியை மறந்தாலும் பயிர் விளையும் என்னும் எண்ணம் பரவிற்று. இது பத்துப் பசுக்களை மலைக்கு ஓட்டுவதற்கு ஒப்பானது. நிலத்தடி நீரும் பொதுப் புல்வெளியே. மழைக்காலத்தில் ஊறுவதற்கு மேல் இறைத்தால் நீர்மட்டம் தாழும். கடலோரப் பகுதிகளில் உப்புநீர் உட்புகும். முதலில் வறளுவது ஆழமாகத் தோண்டப் பொருளில்லாத ஏழையின் கிணறேயாகும்.

ஆகவே அங்கத்தினர்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வார்களாக. நம் ஏரிநீருக்கு உரியவர் யாவர் என்னும் பட்டியல் உண்டா? எவ்வளவு நீர் இறைக்கலாம் என்பதற்கு, டோர்பெல் உலர்புல்லைப்போல எல்லோரும் கண்டறியத்தக்க அளவு ஒன்றை வகுத்தோமா? வாய்க்கால் தூர்வாரும் வேலை அவரவர் பாசனப் பரப்புக்கேற்பப் பகிரப்பட்டதா? இம்மூன்றுக்கும் விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்ட நாளே நம் ஏரிக்கு நல்ல காலம் பிறந்த நாளாகும்.