ஒயில் ஆவியைப் பிடிக்கலாம், அடைக்கக் கூடாது

கேள்வி: ஐயா, டிக்கோயாவில் கேடிஎச் வான் ஓட்டுகிறேன். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், சனி ஞாயிறில் கொழும்பு ஹயர். அண்மையில் இன்டர்கூலர் பைப்பைக் கழற்றியபோது உள்ளே ஒயில் இருந்தது. டெபட் கவரிலிருந்து வரும் பிரீதர் ஹோஸைக் கழற்றிக் கீழே தொங்கவிடலாம் என்கிறார் கராஜ்காரர். நண்பரோ கெட்ச் கேன் போடச் சொல்கிறார். எதைச் செய்வது? ஹோஸை எப்படிக் கொண்டுபோவது?
– வாசகர், டிக்கோயா

பதில்: கெட்ச் கேன், அதாவது இந்த ஹோஸின் நடுவே ஆவியிலுள்ள ஒயிலைப் பிடித்துவைக்கும் டப்பா, போடலாம். ஹோஸைத் தொங்கவிட வேண்டாம். அதன் வாயை அடைக்க மட்டும் யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

சிலிண்டரில் எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குவது புது இன்ஜினிலும் உண்டு. ஒயில் ஆவியோடு அது டெபட் கவர் வழியே வெளியேறி, டேர்போவுக்கு முன்னாலுள்ள காற்றுக் குழாயில் சேர்கிறது. அதனால் இன்டர்கூலர் பைப்பில் மெல்லிய ஒயில் பூச்சு இருப்பது வழமைதான். பைப்பைச் சாய்த்தால் ஊற்றுகிற அளவு இருந்தால்தான் கவலை. இந்த வழி அடைபட்டால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறும். டேர்போவுக்குப் போன ஒயில் தன் எடையால்தான் சம்புக்கு இறங்குகிறது. கீழே அழுத்தம் இருந்தால் அது இறங்க முடியாமல் சீலைத் தாண்டி, இன்டர்கூலருக்கும் சைலன்சருக்கும் போகும். அதைப் பார்த்து நல்ல டேர்போவையே மாற்றிவிடுகிறவர்கள் உண்டு.

தொங்கவிட்டால் அழுத்தம் வெளியேறும், உண்மை. பழைய லொறிகள் அப்படித்தான் ஆவியை வீதியில் விட்டன. அதை இன்ஜினுக்கே திருப்பும் ஏற்பாட்டைக் கலிபோர்னியா 1961இல் கட்டாயமாக்கியது. உங்கள் வானில் இன்ஜின் முன் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. அந்தப் புகையைச் சுவாசிக்கப் போவது நீங்களும் பிள்ளைகளும்தான். காற்றுக் குழாயில் திறந்து கிடக்கும் துளையால் வடிகட்டாத தூசும் டேர்போவுக்குள் போகும்.

கேன் வாங்குமுன் இன்ஜினைச் சூடாக்கி, ஐடிலில் ஒயில் மூடியைத் திருகாமல் துளைமேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, புகை விட்டுவிட்டு வந்தால் ரிங்கைக் குறை சொல்லுமுன் இன்ஜெக்டர் அடியிலுள்ள கொப்பர் வாஷர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கேடிஎச் வான்களில் வரும் 1கேடி இன்ஜின்களில் அவை கசிவது தெரிந்த நோய். வாஷர் கசிந்தால் எரிந்த வாயு நேரே டெபட் கவருக்குள் வரும். கரி சேர்ந்து சம்பின் ஒயில் வலை அடைபட்டால் இன்ஜினே போய்விடும். கேன் போட்டால் இந்த நோய் மறையும், தீராது.

சோதனையில் தேறினால் கேனின் ஒரு வாய்க்கு டெபட் கவர் ஹோஸ். மறுவாயிலிருந்து பழைய இடத்துக்கே, அதாவது டேர்போவுக்கு முன்னால். பின்னால் கொடுத்தால் பூஸ்ட் அழுத்தம் கிராங்க் கேஸுக்குள் பாயும். ஹோஸின் உள்விட்டம் பழையதைவிடக் குறையக் கூடாது. தண்ணீர் ஹோஸ் ஒயிலில் ஊறி இளகி, உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும்; ஒயில் தாங்கும் ஹோஸ் வாங்குங்கள். கேனைச் சைலன்சர் சூட்டுக்கு எட்டாமல் பொடியில் பொருத்தி, இன்ஜின் ஆட்டத்துக்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள். ஆனால் நடுவில் ஹோஸ் தொய்யக் கூடாது. தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கி வழியை மறிக்கும். உள்ளே தடுப்போ கம்பி வலையோ இல்லாத வெறும் டப்பாவால் பயன் குறைவு.

நம் பக்கத்துப் பனியில், பாடசாலை ஓட்டம் போன்ற குறுகிய ஓட்டத்தில், கேனில் தயிர்போல வெளிர்மஞ்சள் பசை சேரும். நீராவி ஒயிலோடு கலந்தது அது. ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால்தான் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

கினிகத்தேனை ஏற்றத்தில் முழுச் சுமையோடு ஏறும்போது ஆவி அதிகமாக வரும். ஆகவே ஒவ்வொரு கொழும்பு ஹயருக்கு முன்னும் கேனைத் திறந்து பாருங்கள். நிரம்பி வழிந்து ஒயில் உள்ளே இழுபட்டால் டீசல் இன்ஜின் அந்த ஒயிலிலேயே ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால் பிரேக்கை இறுக மிதித்து, உயர் கியரில் கிளட்சை விட்டு அணையுங்கள்.

வடித்த ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். டிக்கோயாக் கான் தண்ணீர் காசல்ரீயில் சேர்ந்து, களனி வழியே கொழும்பின் குடிநீராகிறது. போத்தலில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள்.