விந்நியாச யோகமும் உடலுணர்வும்

ஆசனங்களைத் தனித்தனியே நிறுத்திச் செய்யாது, மூச்சினோடு பொருத்தி, நீரொழுக்குப்போல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துச் செய்யும் பயிற்சி விந்நியாச யோகம் எனப்படும். இஃது இக்காலத்துப் பல நாடுகளிலும் பரவியுள்ளது. இதனைப் பயில்வோரிற் பலர், இதனால் தம் உடம்போடு தமக்கு நெருங்கிய தொடர்பு உண்டாயிற்று என்று கூறுவர். உடம்பைத் தானென மயங்குதல் பந்தத்தின் இயல்பு என்று கற்ற நாம் இக்கூற்றை எங்ஙனம் கொள்ளுவது? நகைத்துத் தள்ளுதலும் தகாது. ஆராயாது உடன்படுதலும் தகாது. ஆதலின் அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

முதற்கண் இதன் வரலாறு அறியற்பாலது. திருமலை கிருஷ்ணமாசாரியர் (1888–1989) மைசூர் அரசர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1933-ஆம் ஆண்டு முதல் ஜகன்மோகன அரண்மனையில் யோகசாலை நடத்தினார். 1934-இல் அவர் கன்னடத்தில் இயற்றிய யோக மகரந்தம் என்னும் நூல் வெளிவந்தது. அவர் மாணாக்கருள் ஒருவராகிய பட்டாபி ஜோயிஸ் (1915–2009) இத்தொடர்முறையை வகுத்து மைசூரிற் பயிற்றினார். அவர்பால் வந்து கற்ற பிறநாட்டினர் வாயிலாக இது கடல் கடந்தது. திருமந்திரம் மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகம் விரிக்கப்பட்டிருப்பினும், ஆசனங்களை இவ்வாறு மூச்சுக்கொன்றாகத் தொடுக்கும் முறை ஆண்டுக் கூறப்பட்டிலது. நமக்குரியதன்றாயதை நம்முடையதென உரிமை பாராட்டுதல் வேண்டா. பிறிதோரிடத்து வளர்ந்ததாயினும் பயனுடையதேல் அதனை இகழ்தலும் வேண்டா.

இனிப் பயிற்சியின் இயல்பைக் காண்போம். ஜோயிஸ் முறையிற் சூரிய நமஸ்காரத்தின் முதல்வகை ஒன்பது அசைவுகளையுடையது. பூரகத்தோடு கைகளை மேலே உயர்த்தலும், இரேசகத்தோடு குனிந்து நிலந்தொடுதலும், மீண்டும் பூரகத்தோடு தலைநிமிர்தலும், இரேசகத்தோடு கால்களைப் பின்னே செலுத்தி உடம்பைத் தாழ்த்தலும், பூரகத்தோடு மார்பை உயர்த்தலும், இரேசகத்தோடு இடுப்பை மேலெழுப்பலும் முதல் ஆறு அசைவுகளாம். ஆறாம் நிலையில் ஐந்து மூச்சளவு நின்று, எஞ்சிய மூன்றனால் எழுந்து நிமிர்வர். ஈண்டு மூச்சே தாளமாகின்றது. உறுப்புக்கள் அத்தாளத்திற்கு இயைந்து அசைகின்றன. உறுப்பு முந்தி மூச்சுப் பிந்துமாயின் பயிற்சி சிதைந்ததென்று உணரலாம்.

இதனால் உடலுணர்வு மிகுமாறு யாங்ஙனமெனின், கூறுதும். தசைகளிலும் மூட்டுக்களிலும் உள்ள நரம்பு முனைகள் உறுப்புக்களின் நிலையையும் அசைவையும் மூளைக்கு இடையறாது அறிவிக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டும் நம் கை இருக்குமிடத்தை நாம் அறிதல் இதனாலேயாம். உள்மூச்சின்போது இதயத்துடிப்பு ஓரளவு விரைதலும், வெளிமூச்சின்போது தளர்தலும் இயற்கை. இவையெல்லாம் எந்நாளும் நிகழ்வனவாயினும் நாம் அவற்றை நோக்குவதில்லை. பயிற்சி புதியதோர் உணர்வைப் படைப்பதன்று. உள்ளதனை நோக்குதற்குச் சித்தத்தைத் திருப்புவதேயாம்.

அற்றேல், இந்நோக்கம் உடற்பற்றை வளர்க்குமன்றோ எனின், அன்று. சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரம் ஆன்மா உடம்பின் வேறாதற்குக் காட்டும் ஏதுக்களுள் ஒன்று, எனது உடல் என்னும் வழக்காம். எனது வீடு என்பான் வீட்டின் வேறாதல்போல, எனது உடல் என்பானும் உடலின் வேறாவான். ஆனால் இவ்வேறுபாட்டை நூலிற் கற்றுச் சொல்லுதல் எளிது. வெகுளி மூண்டபோது உணர்தல் அரிது. வெகுள்வானுக்கு மூச்சுக் குறுகுகின்றது, தாடை இறுகுகின்றது, மார்பு படபடக்கின்றது. அவன் இவற்றை அறியான். ஆதலின் அவற்றோடு ஒன்றாய், நான் வெகுண்டேன் என நிற்கின்றான். மூச்சையும் உறுப்பையும் நோக்கிப் பழகியவனோ, என் மூச்சுக் குறுகுகின்றது என்று காண்கின்றான். காணப்படுபொருள் காண்பானின் வேறு. ஆதலின் அக்கணத்தே சிறிதிடம் பிரிகின்றது. சார்ந்ததன் வண்ணமாகும் ஆன்மா, தான் சார்ந்திருப்பதனை அறியாத அளவும் அதுவாகவே நிற்கும். அறிந்த அளவில் அதனின் நீங்குதற்கு வாயில் பெறும். எனவே, உடம்பை அறியாமை வேறு, உடற்பற்றின்மை வேறு என்க. முன்னையதைப் பின்னையதென மயங்குதல் கற்றோர்பாலும் உண்டு.

இதனாற் பயிற்சியே ஞானம் எனக் கொள்ளுதலும் பிழையாம். உடம்பு மாயையினின்றும் இறைவன் உயிர்க்குத் தந்த கருவி. அதனைச் செவ்வையாக அறிந்து ஆளுதல் கருவிக்குரிய மதிப்பு. உயிரோ காட்டக் காணும் இயல்பிற்று. தன் மூச்சை நோக்கும் அறிவுதானும் காட்டுவானின்றி நிகழாது. இதனை மறந்து, என் முயற்சியால் அறிந்தேன் எனச் செருக்குவானேல், உடற்பற்று நீங்கிய இடத்தில் ஆணவம் வந்து அமரும். அசைவின் அழகைப் பிறர் காணச் செய்தலில் இவ்வபாயம் மிகுதி.

நம்மனோர்க்கு ஒன்று கூறுவோம். சந்நிதியில் வீழ்ந்து வணங்குங்கால், எட்டுறுப்பும் நிலந்தோய்வதை நம்மிற் பலர் உணர்வதில்லை. உடம்பு வீழ்கின்றது, மனம் வேறெங்கோ திரிகின்றது. மூச்சினோடு இயைந்து மெல்லக் குனிந்து, மெல்ல எழும் பழக்கம் அவ்வணக்கத்தையும் செம்மையாக்கும். இளையோர் இத்தொடர்முறையைத் தக்க ஆசிரியர்பாற் கற்கலாம். மூட்டு நோயுடையார், மிகுந்த குருதியழுத்தமுடையார், கண்ணழுத்த நோயுடையார் ஆகியோர் மருத்துவரை வினவாது தலைகீழ் நிலைகளை மேற்கொள்ளற்க. முதியோர்க்கு இருந்தவாறே கைகளை மூச்சோடு உயர்த்தித் தாழ்த்துதலும் போதும். அசைவின் எண்ணிக்கையன்று, நோக்கத்தின் இடையறாமையே ஈண்டு வேண்டப்படுவது.

உடம்போடு தொடர்புறுதல் என்று பிறர் கூறுவதனை, உடம்பை அறிதல் என நாம் கொள்ளுவோமாக. அறிந்தவனே அதனைத் தன் தலைவனுக்கு உரிமையாக்க வல்லன். அறியாதவன் எதனைக் கொடுப்பான்?