தேன்சிட்டுக்குச் சீனித் தண்ணீர் எதற்கு?

அமெரிக்காவிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் படங்களில், தோட்டத்துச் சீனித்தண்ணீர்ப் புட்டியில் ரீங்காரச் சிட்டு அந்தரத்தில் நின்றபடி குடிப்பதைக் கண்டிருப்பீர்கள். செங்கழுத்துள்ள அவ்வினம் சுமார் 3 கிராம் எடைதான். இலையுதிர் காலத்தில் கொழுப்பைச் சேர்த்து ஏறக்குறைய இருமடங்காகி, மெக்சிகோ வளைகுடாவில் சுமார் 800 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடக்கிறது.

மதுரையிலும் ஒரு புட்டி தொங்கவிடலாமா என்று கேட்போர் உண்டு. வேண்டியதில்லை. அப்பட்சி அமெரிக்கக் கண்டங்களில் மாத்திரமே உண்டு. நம் முருங்கையிலும் செம்பருத்தியிலும் வருவது தேன்சிட்டு, குலமே வேறு. பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்தே தேன் உறிஞ்சும், அலகு எட்டாவிட்டால் பூவின் அடியைத் துளைத்துவிடும் (திருட்டுத்தான், என்ன செய்வது!). இது கடல் கடப்பதுமில்லை. கருநீல ஆண்சிட்டு காணாமற்போனால் ஊரைவிட்டுப் போயிற்றென்று எண்ணாதீர்கள். கூடு கட்டும் காலம் முடிந்ததும் மினுமினுப்பை உதிர்த்து, நெஞ்சில் ஒரு கருங்கோட்டுடன், பெட்டையைப்போல் மஞ்சளாய்த் திரிகிறது.

குஞ்சுகளோ தேனால் வளர்வதில்லை. தாயும் தந்தையும் முக்கியமாய் ஊட்டுவது சிலந்தியும் புழுவுமே. ஆகையால் செடிக்கு மருந்தடிக்குமுன் யோசியுங்கள். கூடும் சிலந்தி நூலால் பிணைத்ததுதான். கொடிக்கயிற்றிலோ தாழ்வாரக் கம்பியிலோ குப்பைப் பொட்டலம்போல் தொங்கும். பக்கத்தில் வாசல், வாசலுக்குமேல் ஒரு சிறு கூரை.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க ஒட்டடைக் கம்பை எடுக்கும் தாய்மார்களே, அப்பொட்டலத்தை முதலில் உற்றுப் பாருங்கள். முட்டை இரண்டு இருக்கலாம். பொரிக்க இரு வாரம், குஞ்சு பறக்க மேலும் இரு வாரம் ஆகும். அந்த மூலைக்குப் பொங்கலுக்கு வெள்ளையடித்துக் கொள்ளலாம்.