இரவையும் விசாரி

அன்புள்ள தம்பிக்கு,

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களை முன்கூட்டிப் பார்க்கும் ஓபியை இனி நீதான் கவனிக்கப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். சர்ஜன் அவசரப்படுத்துவார், குடும்பத்தார் பஞ்சாங்கம் பார்த்துத் தேதியோடு வந்து நிற்பார்கள். ஈசிஜி, எக்கோ, சர்க்கரை எல்லாம் ஃபைலில் ஒழுங்காக இருக்கும். மனிதர் எப்படித் தூங்குகிறார் என்று சொல்லும் தாள் மட்டும் இருக்காது. மயக்க மருந்து டாக்டராக நீ ஃபிட்னஸ் கையெழுத்துப் போடுமுன் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

"குறட்டை விடுவீங்களா?" என்று அவரிடமே கேட்டால் "சேச்சே" என்பார். மனைவியைக் கேள். "குறட்டை விட்டாக்கூடப் பரவாயில்லை டாக்டர், திடீர்னு சத்தமே நின்னுடுது. தட்டி எழுப்பினாத்தான் மூச்சு வருது" என்பார். ஸ்லீப் ஆப்னியாவுக்கு இதைவிடத் தெளிவான வர்ணனை நம் பாடப்புத்தகத்தில் கிடையாது. தனியாக இருப்பவரென்றால், ரயிலில் பக்கத்து பெர்த்காரர்கள் சண்டைக்கு வந்ததுண்டா என்று கேட்டுப்பார். பெண் நோயாளிகளிடம் கூடுதல் பொறுமை வேண்டும். பலர் குறட்டையைச் சொல்லவே மாட்டார்கள். காலையில் தலைவலி, நாள் முழுக்க அசதி என்றுதான் வருவார்கள். வீட்டு வேலைதான் காரணம் என்று அவர்களே முடிவும் கட்டியிருப்பார்கள்.

டொரண்டோவில் ஃப்ரான்சிஸ் சங் குழுவினர் 2008-ல் வெளியிட்ட, ஸ்லீப் ஆப்னியா ஆபத்தை அளக்கும் ஸ்டாப்-பேங் கேள்விகள் எட்டும் உனக்கு மனப்பாடமாக இருக்கும். நம் ஓபியில் அதை அப்படியே நம்பாதே. ஆண், பிஎம்ஐ 35-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல் என்று வாயைத் திறக்குமுன்பே மூன்று மதிப்பெண் விழுந்துவிடும். ஐந்தைத் தாண்டினால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

அடுத்தது, யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் எண். எலக்ட்ரோலைட்ஸ் ரிப்போர்ட்டில் சோடியம், பொட்டாசியத்துக்குக் கீழே பைகார்பனேட் இருக்கும். 27 அல்லது அதற்கு மேல் என்றால் தமனி ரத்தம் எடுத்து ஏபிஜி பார். பகலில், விழித்திருக்கும்போதே கார்பன் டை ஆக்சைடு 45-ஐத் தாண்டியிருந்தால் அவருக்கு வெறும் தொண்டை அடைப்பு மட்டுமல்ல; உடல் பருமனால் மூச்சின் அளவே குறைந்துவிட்டது என்று சந்தேகப்படு. வலது இதயம் எப்படி இருக்கிறது என்று எக்கோவை மறுபடி படி. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லும் துணிச்சலை இவர்களுக்காகச் சேர்த்துவை. குறட்டை விடும் எல்லோரையும் ஸ்லீப் ஸ்டடிக்காகக் காக்க வைக்க வேண்டியதில்லை. மயக்கவியல், தூக்க மருத்துவ சங்கத்தின் 2016 வழிகாட்டுதலும், வேறு நோய்கள் கட்டுக்குள் இருந்து மூச்சு சீராக இருந்தால், அதற்காக மட்டும் தள்ளிப்போட ஆதாரம் போதாது என்றே சொல்கிறது. எல்லோரையும் தள்ளிப்போட்டால் நீ நிஜமாகவே 'வேண்டாம்' என்று சொல்லும் நாளில் சர்ஜன் உன்னைக் கேட்கமாட்டார்.

சிட்னியில் காலின் சல்லிவன் 1981-ல் அறிமுகப்படுத்திய, மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷின் இன்றும் நம் முதல் ஆயுதம். ஆனால் "மெஷின் இருக்கு டாக்டர்" என்ற பதிலில் திருப்தி அடையாதே. அது பீரோ மேலும் இருக்கலாம். மெஷினைக் கையோடு கொண்டுவரச் சொல்லி, இரவுக்கு நான்கு மணி நேரமாவது ஓடியிருக்கிறதா என்று பார். ஓடவில்லையென்றால் திட்டாதே, மாஸ்க்கை உன் முன்னால் மாட்டச் சொல். காரணம் அங்கேயே தெரிந்துவிடும். படுக்குமுன் முகத்தில் எண்ணெயோ க்ரீமோ பூசியிருந்தால் சிலிக்கான் விளிம்பு வழுக்கும், மூக்குத்தி அழுத்தும், தாடியின் வழியாகக் காற்று கண்ணுக்குள் அடிக்கும், வாயால் மூச்சு விடுபவருக்கு மூக்கு மாஸ்க் கொடுத்திருப்பார்கள். மூச்சு முட்டுகிறது என்பவரை, சாயங்காலம் சீரியல் பார்க்கும்போது விழித்தபடியே அரை மணி நேரம் போட்டுக்கொள்ளச் சொல். சில வாரங்களில் பழகிவிடுவார். கல்லீரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் கலோரி குறைத்த உணவு கொடுப்பார்களே, அதற்கு முன்பே இந்தப் பழக்கம் தொடங்க வேண்டும்.

வாராந்திர எடைக்குறைப்பு ஊசி போடுகிறாரா என்றும் கேள். மாத்திரைப் பட்டியலில் அதை எழுதமாட்டார்கள். செமாக்ளூடைட் போன்றவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்; வெறும் வயிறு என்று நாம் நம்பும் வயிற்றில் சாப்பாடு கிடக்கும்.

தியேட்டருக்குள் நடப்பதை நீ பார்த்துக்கொள்வாய்: காதும் மார்பெலும்பின் மேல் பள்ளமும் ஒரே மட்டத்தில் வரும்படி தலையணை அடுக்குவது, நன்றாக விழித்த பிறகே டியூபை எடுப்பது எல்லாம். என் கவலை அன்றைய ராத்திரி. ஓபியாய்டு ஊசி, மல்லாந்த படுக்கை, ஆழ்ந்த தூக்கம் மூன்றும் வார்டில் ஒன்றாகச் சேரக்கூடாது. வலிக்குப் பாரசிட்டமால், வயிற்றுச் சுவர் நரம்பு பிளாக் என்று முன்கூட்டியே திட்டமிடு. தலைமாட்டை உயர்த்தி வைக்கச் சொல். ஆக்சிஜன் மட்டும் வைத்தால் திரையில் 98 என்று அழகாகக் காட்டும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கும். அவருடைய மெஷினும் மாஸ்க்கும் அவரோடு அட்மிட் ஆக வேண்டும். "தையல் போட்ட வயித்துல காத்து போயிடுமே" என்று ராத்திரி டியூட்டி சிஸ்டர் கழற்றி வைப்பார். சிபாப்பால் தையல் கசிவு கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. இதைச் சர்ஜனிடம் முதல் நாளே பேசி, அவர் கையாலேயே கேஸ் ஷீட்டில் எழுத வை.

சில்லறை விஷயம் போலத் தோன்றும், ஆனாலும் சொல்கிறேன்: உன் ஓபியில் கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலி இரண்டு போடச் சொல். பெரிய பிபி கஃப் ஒன்று வாங்கி வை. சின்னதைக் கட்டினால் இல்லாத ரத்த அழுத்தத்தைக் காட்டும். "முன்னமே குறைச்சிருக்கலாமே" என்று யாரையும் கேட்காதே. அதைச் சொல்ல அவர்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

வீட்டுக்குப் போகும்போது மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்பார்கள். எடை இறங்க இறங்க அழுத்தம் மாற்ற வேண்டியிருக்கும், எடை நிலைத்த பின் மறுபடி ஸ்லீப் ஸ்டடி செய்துதான் முடிவு என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் தமிழிலேயே எழுதிக் கொடு. அந்தத் தாளை மனைவி கையில் கொடு.

அன்புடன்,
அக்கா